நான் எழுதிய ‘விடாதே’

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு இருபதுக்கு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மழை விட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. ஏழு ஆண்டுகளாக அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. ஒரே தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, லயங்களை இடித்தபின் ஒரே தாமான் குடியிருப்புக்கு வந்தவர்கள் நாங்கள். தெருவில் எதிர்ப்பட்டால் அவர் லோரியை நிறுத்தாமல் போவார். நானும் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதில்லை.

“கிராணி, அந்த நோட்ட எடு,” என்றார்.

நான் கிராணி இல்லை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்கிறேன். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதுகிறவரைப்போல எப்போதும் கையில் நோட்டுடன் திரிந்ததால் சின்ன வயதிலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என்ன கிழமை, எத்தனை மணி, வெயிலா மழையா, யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நெடுங்காலமாக எழுதி வருகிறேன். எங்கள் தோட்டத்து விளையாட்டு மன்றத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதும் அதனால்தான்.

“எந்த நோட்டு?” என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

“என்னையக் கொன்ன நோட்டு.”

அவர் அப்போது எங்கள் பெண்கள் அணியின் பயிற்சியாளர். கயிறு இழுக்கும் போட்டி. பழைய தோட்டத்து ஆட்கள் ஆண்டுக்கொரு முறை லாபுவில் ஒரு திடலில் கூடி நடத்தும் விளையாட்டு விழாவில், வேறெந்தப் போட்டிக்கும் அவ்வளவு கூட்டம் சேராது. செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது அவர் பிழைப்பு. ஆனால் கயிற்றின் பக்கத்தில் நின்று தாளம் பிசகாமல் குரல் கொடுத்து எட்டுப் பெண்களை ஒரே உடம்பாக்குவதில் அவருக்கு நிகராக நான் யாரையும் பார்த்ததில்லை. எந்தப் பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பதினாறு வயதானாலும் ஐம்பது வயதானாலும் அவருக்கு ‘ஆத்தா’தான்.

ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இறுதிப் போட்டியில் எங்கள் ஆங்கருக்கு இருபத்தாறு வயது. ஆங்கர் என்பது கயிற்றின் கடைசியில் நின்று மொத்தப் பாரத்தையும் தாங்கும் ஆள். செம்பனை நர்சரியில் கன்று தூக்கி உரமேறிய தோள் அவளுக்கு. தூறலில் கயிறு வழுக்கியது. அவள் இடது உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். எதிரணி ஒரே மூச்சில் இழுத்தது. பயிற்சியாளர் கத்தினார். அவள் விடவில்லை. கயிறு இறுகி, மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

அன்று மாலை நான் எழுதியது இது: ‘சனிக்கிழமை, பிற்பகல் 4.35. தூறல். மூன்றாம் இழுப்பில் பயிற்சியாளர் “விடாதே” என்று கத்தினார். ஆங்கரின் இடக்கையில் பலத்த காயம்.’

விசாரணைக் கூட்டத்தில் மன்றத் தலைவர் இதைத்தான் உரக்க வாசித்தார். அவர் ஓய்வுபெற்ற மண்டோர். வேலையாட்களை அதட்டி வேலை வாங்கிய குரல் இன்னும் போகவில்லை, மண்டோர் என்ற பெயரும் போகவில்லை. “கை அறுபடுது, விடாதேன்னு கத்தியிருக்கான். மனுசனா இவன்?” என்றார். பயிற்சியாளர் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் அணி இறங்கும் திடலில் கோட்டுக்குள் அவர் கால் வைக்கக்கூடாது என்று தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை அவர் அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். விரலை வரிக்குக் கீழே வைத்து, மெதுவாக.

“நீயே சொல்லு. நான் எப்பவாச்சும் ‘விடாதே’ன்னு பேசிக் கேட்டிருக்கியா? பொஸ்தகம் படிக்கிறவன் பேச்சு இது. இந்த ‘தே’யெல்லாம் என் வாயில எங்க வரும்?”

“பேசுறத அப்படியே எழுத முடியாது. எழுத்துன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு.”

“அப்ப நான் என்ன கத்துனேன்?”

“‘விடாத’ன்னு...”

“‘விடு ஆத்தா’ன்னு கத்துனேன்லா! விடாத்தா! விடாத்தா!”

ஏழு ஆண்டுக் குரலை அவர் என் வீட்டுக் கூடத்தில் விட்டெறிந்தார். அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்து, “எத விடணும்? கூண்டுக் கோழியையா?” என்று கேட்டாள். யாரும் சிரிக்காததைப் பார்த்து உள்ளே போய்விட்டாள்.

 விடு ஆத்தா. வேகமாகச் சொன்னால் விடாத்தா. திடலில், நூறு பேர் கூச்சலில், அது விடாத. அதைத் திருத்தமான தமிழில் எழுதினால் விடாதே. நான் காதால் கேட்டது எது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். காதில் எதுவும் மிஞ்சவில்லை. எழுதியது மட்டும்தான் இருந்தது. எழுதி முடித்த நாளிலிருந்து நான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது என் எழுத்தைத்தான்.

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“எதச் சொல்றது? ரெண்டு வெரலு புல்லுல கெடக்குது. நான் சொன்னது வேற வார்த்தைன்னு அங்க நின்னு வழக்குப் பேசவா?” அவர் நோட்டை மூடினார். “அத விடு. கெட்ட பேரு கெட்டதுதான். அதுக்கா இப்ப வந்தேன்? நேத்து திடல் பக்கம் லோரிய ஓரங்கட்டுனேன். அவ தங்கச்சிக்காரிதான் இப்ப ஆங்கர் நிக்கிறா. சுத்துறா, கிராணி. ரெண்டு சுத்து. அக்காக்காரி மாதிரியே. மண்டோர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு.”

“யாரும் சொல்லலையா?”

“ஏன் சொல்லப்போறாங்க? என் வாயாலதான் வெரலு போச்சுன்னு ஊரே நம்புது. கயித்தால போகலையாம். அவ சுத்துனத நீ ஏன் எழுதல?”

இதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அந்த ஆண்டுப் பயிற்சியில் அவள் கயிற்றைச் சுற்றிப் பிடித்ததை நான் மூன்று நாள் பார்த்தேன். பயிற்சியாளரும் பார்த்தார். “ஒரு சுத்துதானே, போகட்டும்,” என்றார். கையிலோ உடம்பிலோ கயிற்றைச் சுற்றக்கூடாது என்ற விதியை அணிக்கு விளக்கிவிட்டதாக ஒரு படிவத்தில் செயலாளர் கையெழுத்துப் போடவேண்டும். நான் யாருக்கும் எதையும் விளக்காமலே போட்டிருந்தேன். சுற்றியதை எழுதினால் அந்தக் கையெழுத்து பொய்யாகிவிடும். அதனால் எழுதவில்லை. வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமை விளையாட்டு விழா. இடையில் மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை விடியற்காலையில் எழுந்து அந்த ஆண்டு நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். விபத்துக்குப் பதினாறு நாள் முந்தைய வியாழக்கிழமைக் குறிப்பில் இது இருந்தது: ‘பயிற்சி முடிவில் பயிற்சியாளர் கயிற்றைக் கீழே போடச் சொன்னபோது ஒருத்தி மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “நீங்கதானே விடாதன்னு சொன்னீங்க,” என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.’ என் கையெழுத்துதான். வேடிக்கை என்று எழுதி வைத்திருந்தேன். பதினாறு நாள் கழித்து அது நினைவுக்கு வரவில்லை.

வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மண்டோர் வீட்டுக்குப் போனேன். அவர் ரப்பர் குழாயால் வீட்டு முன்கால்வாயைக் கழுவிக்கொண்டிருந்தார். நோட்டை நீட்டினேன். கண்ணாடி இல்லை என்று வாங்கவில்லை. நானே படித்துக் காட்டி, பயிற்சியாளர் கத்தியது ‘விடு ஆத்தா’ என்றும் சொன்னேன்.

“ஏழு வருசம் கழிச்சு நோட்டுக்குத் திருத்தமா? இன்னிக்கு விடாத்தாங்கிற. நாளைக்கு ‘வடை தா ஆத்தா’ன்னு கத்துனாம்பே,” என்றார்.

“அவரு பேருக்காக வரல. அந்தப் பொண்ணு கயித்தச் சுத்துது. சுத்தினதாலதான் அக்காவுக்கு அப்படி ஆச்சு. நான் பாத்தேன்.”

“பாத்தவன் எழுதியிருக்கணும்லா? நாங்க காட்டுல கட்டை இழுத்தப்ப சுத்தாமலா இழுத்தோம்? சுத்துனாத்தான் பிடி. அந்தப் புள்ள வெரலு இவன் வாயால போச்சு. நான் சொல்லல, நீ எழுதியிருக்க. நான் உன் எழுத்தத்தான் நம்புனேன்.” குழாயை என் கால் பக்கம் திருப்பினார். நான் நகர்ந்துகொண்டேன். “ஒரே லயத்துக்காரனுங்க. என்ன திட்டமோ. சனிக்கிழமை அவன் கோட்டுக்குள்ள கால வச்சான்னா, அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது.”

வியாழக்கிழமை மதியம் அக்காவைப் பார்த்தேன். அவள் எங்கள் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள இன்னொரு தொழிற்சாலையின் கேண்டீனில் தட்டுக் கழுவுகிறாள். நர்சரி வேலையை விட்டு அந்த ஆண்டே இங்கே வந்துவிட்டாள். தினமும் சாலையின் இந்தப் பக்கமிருந்து அவளைப் பார்ப்பேன். ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூடச் சாலையைக் கடந்து போய்ப் பேசியதில்லை. பின்கதவுப் பக்கம் ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அவரு என்ன கத்துனாரு? உனக்கு என்ன கேட்டுச்சு?” என்றேன்.

“ஒண்ணும் கேக்கல, அண்ணே.”

“விடுன்னா, விடாதன்னா?”

“கேட்டிருந்தா மட்டும்? நான் விடணும்னு நெனச்சேன். கை வரல. ரெண்டு சுத்து சுத்தியிருந்தேனே, கயிறுல்ல என்னையப் பிடிச்சிருந்துச்சு.”

வெயிலில் நின்றிருந்தேன். ஏழு ஆண்டு அவரைத் தின்ற வார்த்தை, மூன்று நாளாக என்னைத் தின்ற வார்த்தை. அவளுக்கு அது காதிலேயே விழவில்லை. விழுந்திருந்தாலும் பயனில்லை.

“இத ஏன் நீ கூட்டத்துல சொல்லல?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “யாரு கேட்டா? நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். உங்க நோட்டத்தானே கேட்டாங்க.”

தங்கையிடம் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டதாகச் சொன்னாள். “‘நீ அந்த ஆளு பேச்சக் கேட்டு ஏமாந்த, நான் கேக்கமாட்டேன்’ங்குறா. மண்டோர் தாத்தா சுத்தச் சொல்றாராம். சின்னப் புள்ளையா அடிச்சு நிறுத்த? பத்தொம்பது வயசு.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கதவருகே நின்றாள். “அவரு என்னையப் பாக்க வரவே இல்லண்ணே. ஒரு நாளும். அத அவர்ட்ட சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை மாலை சொன்னேன். பகலில் பெய்த மழையில் லோரி சேறாகிவிட்டதென்று, அவர் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை என்று நான் சொன்னபோது அவர் கை நிற்கவில்லை. நீ பார்க்க வரவில்லை என்றாளே என்றதும் குச்சி நின்றது.

“போனேன். வார்டு வாசல் வரைக்கும். உள்ளார அவ அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க.” குச்சியைச் சேற்றில் குத்தி நட்டார். பிறகு, “ஒரு சுத்துதானேன்னு சொன்ன வாய்டா இது. எப்படிப் போறது?” என்றார்.

அந்த மாலை அவர் என்னைக் கெஞ்சியதை எழுதக் கூசுகிறது. என் வயதுக்காரர், என்னைவிட ஒரு பிடி உயரம். நடுவரிடம் சொல், பெண்களிடம் சொல், மன்றம் கலைந்தாலும் பரவாயில்லை என்று சொல் என்றார். என் பழியைப் பத்துப் பக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொள், அந்தப் பெண்ணின் கையை மட்டும் கயிற்றிலிருந்து எடுத்துவிடு என்றார். நான் அன்றே அந்தப் பெண்கள் எட்டுப் பேர் வீட்டுக்கும் போனேன். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். தங்கை கதவைத் திறக்காமலே, “கிராணி மாமா, போட்டிக்கு மொத நாள் வந்து பயம் காட்டாதீங்க. அந்த ஆளு அனுப்புனாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் மூடிக்கொண்டது. நடுவர் ஒரு மலாய் ஆசிரியர். சுற்றிப் பிடிப்பதைப் பற்றி அவரிடம் சொன்னேன். “போலே, போலே,” செய்யலாம் என்று தலையாட்டினார். சொன்னபடியே ஒவ்வோர் இழுப்புக்கும் முன்னால் வரிசையில் நடந்து எல்லார் கையையும் பார்த்தார். தங்கையின் கை சுத்தமாக, இரண்டு உள்ளங்கையும் மேல்நோக்கி இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

எதிரணி புக்கிட் பெலண்டோக் பக்கத்துப் பெண்கள். முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது தொடங்கும்போது தூற ஆரம்பித்தது. நான் கோட்டுக்கு வெளியே மேசையில் கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் கூட்டத்தோடு நிற்கவில்லை. எனக்கு நேர் எதிரே, கோட்டுக்கு அந்தப் புறம் தனியாக நின்றார். மண்டோர் வரிசையின் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தார். “ஏய், இழு! ஏய், இழு!”

முதல் இருபது வினாடி கயிறு அசையவில்லை. பிறகு எங்கள் பக்கம் ஒரு சாண் வந்தது. அந்த ஒரு சாண் தளர்ச்சியில், கண்மூடித் திறப்பதற்குள், தங்கை இடது கையை ஒரு சுழற்று சுழற்றினாள். இன்னொரு சுழற்று. இரண்டு சுற்று. நடுவர் அப்போது நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். கத்த வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை. எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது வேறு வார்த்தையாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பட்டது. பேனாவைப் பிடித்தபடி வாய் திறந்து நின்றேன்.

அவர் கத்தவில்லை. ஓடிவந்தார். ஐம்பது வயதைக் கடந்த, முழங்கால் தேய்ந்த மனிதர் ஈரப் புல்லில் வழுக்கி, விழுந்து, எழுந்து, கோட்டைத் தாண்டி வந்தார். நடுவர் விசிலை ஊதினார். எதிரணி கயிற்றைக் கீழே போட்டது. எங்கள் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தியாக மல்லாந்து விழுந்தார்கள். அவர் சேற்றில் மண்டியிட்டுத் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, கயிற்றை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தோளில் உதைத்தாள். அவர் விடாமல் பிரித்து முடித்தார்.

கோட்டுக்குள் வெளியாள் வந்ததால் எங்கள் அணி தோற்றதாக நடுவர் கையைக் காட்டினார். எதிரணிப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எங்கள் பெண்களில் இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றி அவர்மேல் எறிந்தாள். மண்டோர் குடையை ஓங்கிக்கொண்டு வந்தார். யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

“செத்தாலும் நீ இந்தத் திடலுக்கு வரக்கூடாது! உன் பொணம்கூட இந்த வழியாப் போவக்கூடாது! கிராணி, எழுதிக்கோ!”

அவள் கயிற்றைச் சுற்றியிருந்தாள், நான் பார்த்தேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மண்டோர் என் பக்கம் திரும்பவே இல்லை. நடுவரிடம் போய் மலாயில் சொன்னேன். அவர் தரையில் நேராகக் கிடந்த கயிற்றைக் காட்டித் தோளைக் குலுக்கினார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தங்கை அவர் முன்னால் வந்தாள். முகமெல்லாம் சேறு. இரண்டு கையையும் விரித்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். இடது உள்ளங்கையின் குறுக்கே சிவப்பாக இரண்டு தடம் இருந்தது.

“எனக்கு என்னய்யா ஆச்சு? சொல்லு! என்ன ஆச்சு? பாரு, பத்து வெரலும் இருக்கு! நல்லாப் பாரு! எண்ணிப் பாருய்யா!”

அவர் ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். உதடு அசைந்தது. உண்மையிலேயே எண்ணிக்கொண்டிருந்தார்.